ஸாயில் யார்? சான்ஃபோர்டு துப்பாக்கிச் சூடும் தற்காப்பின் எல்லையும்



ஃபிக்ஹு வகுப்பில் ‘ஸாயில்’ பற்றிய பாடம் நடந்துகொண்டிருந்தது. உயிரையோ மானத்தையோ பொருளையோ குறிவைத்துத் தாக்க வருபவனுக்கு ஸாயில் என்று பெயர். அவனை எந்த அளவுக்குத் தடுக்கலாம், எப்போது தடுக்கக் கூடாது என்பதே அந்தப் பாடம். (யாசிப்பவரைக் குறிக்கும் ‘ஸாயில்’ வேறு. அது ஸீன் எழுத்தில் தொடங்கும், இது ஸாத் எழுத்தில் தொடங்கும். தமிழில் எழுதும்போது இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன.) பாடம் முடிந்ததும் மூத்த மாணவர் ஒருவர் எழுந்து, “ஹஜ்ரத், அமெரிக்காவில் ட்ரேவான் மார்ட்டின் என்ற பையனைச் சுட்டுக் கொன்றார்களே, அதில் ஸாயில் யார்? சுட்டவரா, சுடப்பட்டவரா?” என்று கேட்டார்.

எனக்கு உடனே பதில் கூற இயலவில்லை. அந்த வழக்கைப் பற்றி எல்லோரையும் போல நானும் செய்தியாகப் படித்திருந்தேன். ஒரு தீர்ப்பும் மனத்தில் எழுதிவைத்திருந்தேன். ஆனால் ஒரு மாணவர் ஃபிக்ஹின் சொல்லைக் கொண்டு கேட்கும்போது செய்தி படித்த அறிவு போதாது. படித்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். படித்ததை இங்கே எழுதுகிறேன்.

2012 பிப்ரவரி 26, ஞாயிற்றுக்கிழமை மாலை. புளோரிடா மாநிலத்தில் ஆர்லாண்டோ நகருக்கு வடக்கே உள்ள சான்ஃபோர்டில் மழை தூறிக்கொண்டிருந்தது. ட்ரேவான் மார்ட்டினுக்கு அம்மாதம் 5ஆம் நாள்தான் 17 வயது நிறைந்திருந்தது. மயாமி பகுதியில் தாயுடன் வாழ்ந்துவந்த அவன், தந்தையுடன் சான்ஃபோர்டுக்கு வந்து, தந்தை மணக்கவிருந்த பெண்மணியின் வீட்டில் தங்கியிருந்தான். சுற்றுமதிலும் வாயிற்கதவும் கொண்ட குடியிருப்பு அது. அருகிலுள்ள கடைக்கு நடந்துபோய் ஒரு பொட்டலம் ‘ஸ்கிட்டில்ஸ்’ மிட்டாயும் தர்பூசணிச் சுவைப் பானம் ஒன்றும் வாங்கிக்கொண்டு, மழைக்காக மேலாடையின் தலைமறைப்பை இழுத்துவிட்டபடி, கைபேசியில் தோழியுடன் பேசிக்கொண்டே திரும்பினான்.

அதே குடியிருப்பில் 28 வயதான ஜார்ஜ் சிம்மர்மன் வசித்தார். அவர் அங்கு அமைக்கப்பட்டிருந்த அக்கம்பக்கக் காவல் குழுவின் ஒருங்கிணைப்பாளர். அன்று காரில் சென்றுகொண்டிருந்தவர் சிறுவனைக் கண்டார். 7.09 மணிக்குக் காவல்துறையின் அவசரமல்லாத எண்ணை அழைத்துச் சந்தேகத்துக்குரிய ஒருவன் நடமாடுகிறான் என்றார். மழையில் சும்மா நடக்கிறான், வீடுகளைப் பார்க்கிறான், ஏதோ போதையில் இருப்பதுபோல் தெரிகிறது என்று அடுக்கினார். இப்படிப்பட்டவர்கள் எப்போதும் தப்பிவிடுகிறார்கள் என்று வசைச்சொல்லோடு சலித்துக்கொண்டார். பிறகு, அவன் ஓடுகிறான் என்றார். காரின் கதவு திறக்கும் ஓசை பதிவில் உள்ளது. பின்தொடர்கிறீர்களா என்று மறுமுனையில் கேட்டார்கள். ஆம் என்றார். நீங்கள் அதைச் செய்யத் தேவையில்லை என்றார்கள். சரி என்றார். காவலர்களை ஓரிடத்தில் சந்திப்பதாக முதலில் ஒப்புக்கொண்டவர், பின்னர் அவர்கள் வந்ததும் தன்னைக் கைபேசியில் அழைக்கட்டும், எங்கிருக்கிறேன் என்று சொல்கிறேன் என மாற்றினார்.

7.16 மணிக்கு ஒரு குண்டு வெடித்தது. சிறுவன் நெஞ்சில் அடிபட்டு இறந்தான். அவன் போய்ச்சேர வேண்டிய வீட்டின் பின்வாசல் அங்கிருந்து ஏறத்தாழ 70 கஜத் தூரத்தில் இருந்தது. சிம்மர்மனின் மூக்கில் காயமும் பின்தலையில் வெட்டுக்காயங்களும் இருந்தன.

அந்த 7 நிமிடங்களில் முதற்பாதிக்கு ஒலிப்பதிவு உண்டு. இறுதிப்பாதிக்கு உயிரோடிருந்தவர் சொன்னது மட்டுமே முழுமையான கதை. தன் காருக்குத் திரும்பிக்கொண்டிருந்தபோது சிறுவன் வந்து வழிமறித்துத் தாக்கினான், கீழே தள்ளி மேலேறித் தலையைச் சிமெண்டுத் தரையில் மோதினான், துப்பாக்கியின் பக்கம் கைநீட்டினான், ஆகவே சுட்டேன் என்பது சிம்மர்மனின் கூற்று. கைபேசியில் இருந்த தோழியோ, ஒருவன் தன்னைத் தொடர்ந்துவருவதாகச் சிறுவன் சொன்னான், ஏன் என்னைத் தொடர்கிறாய் என்று அவன் கேட்டதையும் கேட்டேன், பிறகு இணைப்பு அறுந்தது என்று சாட்சியளித்தார். அண்டைவீட்டார் காவல்துறையை அழைத்தபோது பின்னணியில் ஒருவர் உதவிக்கு அலறும் குரல் பதிவாகியிருந்தது. நீதிமன்றத்தில் இரண்டு தாய்மார்களும் தனித்தனியே வந்து, அது என் மகனின் குரல் என்றார்கள். அந்தப் பதிவைப் பற்றிப் படித்த நாளில் எனக்கு வேறெதிலும் மனம் செல்லவில்லை.

காவல்துறை அன்றிரவு சிம்மர்மனைச் சில மணி நேரம் விசாரித்துவிட்டு விடுவித்தது. தற்காப்பு என்ற அவரது கூற்றை மறுக்கச் சான்றில்லை. ஆகவே சட்டப்படி கைது செய்ய முடியாது என்றது. கொல்லப்பட்ட பிள்ளையின் பெற்றோர் சிபிரினா ஃபுல்டனும் ட்ரேசி மார்ட்டினும் முன்னெடுத்த இணைய மனுவில் 20 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்டனர். எனக்கொரு மகன் இருந்திருந்தால் ட்ரேவானைப் போலத்தான் இருந்திருப்பான் என்ற பொருளில் அதிபர் ஒபாமா பேசினார். 45 நாள்களுக்குப் பிறகு, ஏப்ரல் 11 அன்று, சிறப்பு வழக்கறிஞர் இரண்டாம் நிலைக் கொலைக் குற்றம் சாட்டினார். 2013 ஜூலை 13 இரவு, ஆறு பெண்கள் அடங்கிய நடுவர் குழு, குற்றவாளி அல்ல என்று தீர்ப்பளித்தது. அது ஹிஜ்ரி 1434 ரமலானின் முதல் வாரம்.

தீர்ப்பைப் புரிந்துகொள்ள அந்தச் சட்டத்தின் வரலாற்றைச் சற்றுப் பார்க்க வேண்டும். அமெரிக்காவுக்குச் சட்டம் தந்த இங்கிலாந்தில், தற்காப்புக்காகக் கொன்றவனும் ஒரு காலத்தில் அரசரின் மன்னிப்பைப் பெற்றால்தான் தப்ப முடியும். முதுகு சுவரில் முட்டும்வரை பின்வாங்கியிருக்க வேண்டும் என்பது அங்கு விதி. விலக்கு, அவரவர் வீடு. வீடு ஒருவனுக்குக் கோட்டை என்ற கருத்து 1604ஆம் ஆண்டின் புகழ்பெற்ற வழக்கொன்றில் நிலைபெற்றது. அமெரிக்க நீதிமன்றங்கள் இதிலிருந்து விலகத் தொடங்கின. 1876இல் ஓஹையோவிலும் 1877இல் இந்தியானாவிலும், தவறிழைக்காத மனிதன் தாக்குபவனுக்கு அஞ்சி ஓட வேண்டியதில்லை என்று தீர்ப்புகள் வந்தன. ஓடுவது ஆண்மைக்கு இழுக்கு என்ற எண்ணமே அவற்றின் அடியில் இருந்தது. 2005இல் புளோரிடா அதைச் சட்டமாகவே இயற்றியது: ஒருவன் சட்டப்படி இருக்கத்தக்க எந்த இடத்திலும், உயிருக்கு ஆபத்து என்று நியாயமாக நம்பினால், பின்வாங்காமல் நின்ற இடத்திலேயே நின்று கொல்லும் அளவு வலிமையையும் பயன்படுத்தலாம். அப்படிச் செய்தவரைக் கைது செய்யவே தடை உண்டு. அதன்பின் இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் அவ்வழியைப் பின்பற்றின.

இதை இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் ‘மின்ஹாஜ்’ நூலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஹிஜ்ரி 676இல் மறைந்த அவர் ஷாஃபிஈ மத்ஹபின் சட்டத்தை அதில் சுருக்கித் தந்தார். தாக்க வருபவனைத் தடுப்பதில் இலேசானதிலிருந்தே தொடங்க வேண்டும். சொல்லால் தடுக்க முடிந்தால், கூவி உதவிக்கு ஆளழைக்க முடிந்தால், அடிப்பது ஹராம். கையால் முடிந்தால் சாட்டை ஹராம். சாட்டையால் முடிந்தால் தடி ஹராம். ஓர் உறுப்பைக் காயப்படுத்தி நிறுத்த முடிந்தால் கொல்வது ஹராம். பிறகு வருவதுதான் நம் பேச்சுக்கு வேண்டியது: தப்பியோட முடிந்தால் ஓடுவதே வாஜிப், சண்டையிடுவது ஹராம் என்பதே மத்ஹபின் தீர்மானமான கருத்து. ஓடுவதை ஆண்மைக் குறைவாக அவர் கருதவில்லை. காக்கப்பட வேண்டியது உயிர். அதில் தாக்குபவனின் உயிரும் அடக்கம்.

நஸாயீயில் வரும் ஹதீஸ் ஒன்றும் இந்தப் படிகளையே காட்டுகிறது. என் பொருளைப் பறிக்க ஒருவன் வந்தால் என்ன செய்வது என்று கேட்டவரிடம், அவனுக்கு அல்லாஹ்வை நினைவூட்டுமாறும், கேளாவிடில் சுற்றியுள்ளோரின் உதவியை நாடுமாறும், யாரும் இல்லையெனில் ஆட்சியாளரை நாடுமாறும், அதுவும் எட்டாத தொலைவில் இருந்தால் மட்டும் போரிடுமாறும் நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டினார்கள். தற்காப்பு நம் மார்க்கத்தில் உறுதியான உரிமை. தன் பொருளைக் காக்கப் போராடிக் கொல்லப்படுபவர் ஷஹீத் என்ற ஹதீஸை அறியாதவர் நம்மில் இல்லை. ஆனால் அந்த உரிமைக்கு முன்னால் ஏணிபோலப் படிகள் இருக்கின்றன. சான்ஃபோர்டில் ஆட்சியாளர் தொலைவில் இல்லை. தொலைபேசியின் மறுமுனையில் இருந்தார், காவலர்களும் கிளம்பிவிட்டிருந்தார்கள், குண்டு வெடித்த ஓரிரு நிமிடத்தில் வந்தும் சேர்ந்தார்கள்.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். சிம்மர்மனின் வழக்கறிஞர்கள் ‘நின்ற இடத்தில் நிற்கும்’ சட்டத்தைத் தனி விசாரணையாக வலியுறுத்தவே இல்லை. கீழே கிடத்தி ஒருவன் மேலே அமர்ந்து அடிக்கும்போது பின்வாங்க வழியே இல்லை; ஆகவே இது பழைய, சாதாரணத் தற்காப்பு என்றார்கள். சிம்மர்மன் சொன்ன இறுதி நிமிடம் உண்மையென்றால், மின்ஹாஜின் ஏணியிலும் அவர் ஏறத்தாழக் கடைசிப் படியில்தான் நிற்கிறார். அந்த நிமிடத்தை மட்டும் வெட்டியெடுத்து என் முன் வைத்திருந்தால், மேசையில் சுருட்டிவைத்த கருத்தோடு வந்த நானும் தடுமாறியிருப்பேன். நடுவர்களும் அப்படித்தான் தடுமாறினார்கள். அவர்களில் ஒருவர், மனம் அவரைக் குற்றவாளி என்கிறது, சட்டத்தின்படி எங்களால் அப்படிச் சொல்ல முடியவில்லை என்ற பொருளில் பின்னர் தொலைக்காட்சியில் பேசினார்.

அப்படியானால் எங்கிருந்து கணக்கெடுப்பது? வழக்கின் உயிர்நாடி இதுதான் என்று நான் எண்ணுகிறேன். சண்டையைத் தொடங்கிவைத்தவருக்குத் தற்காப்பு உரிமை குறையும் என்ற விதி புளோரிடா சட்டத்திலும் இருக்கிறது. அதை நடுவர்களுக்கு எடுத்துரைக்க வேண்டுமென்று அரசுத் தரப்பு கேட்டது. ஒருவரைப் பின்தொடர்வது மட்டும் சட்டப்படி தூண்டுதல் ஆகாது என்று எதிர்த்தரப்பு வாதிட்டது. நீதிபதி அரசுத் தரப்பின் கோரிக்கையை ஏற்கவில்லை. ஆகவே நடுவர்களின் பார்வை இறுதி நிமிடத்துக்குள் சுருங்கியது. இருட்டில், மழையில், அறியாத ஓர் ஆள் முதலில் காரிலும் பிறகு நடந்தும் தன்னைத் தொடர்வதைக் கண்ட 17 வயதுப் பிள்ளைக்கும் தற்காப்பு உரிமை உண்டா என்ற கேள்வி, வெளியே தெருவில் இலட்சக்கணக்கானோர் கேட்ட கேள்வி, அந்த அறைக்குள் முழு வடிவில் எழவில்லை.

திருக்குர்ஆனின் 17ஆம் அத்தியாயம் 36ஆம் வசனத்தை நாம் பலமுறை ஓதியிருக்கிறோம். அறிவில்லாத ஒன்றின் பின்னே செல்லாதே என்பது அதன் கருத்து. செவி, பார்வை, உள்ளம் ஆகிய ஒவ்வொன்றும் விசாரிக்கப்படும் என்றும் தொடர்கிறது. அங்கே வரும் ‘தக்ஃபு’ என்ற சொல்லின் வேர், பிடரியைக் குறிக்கும் ‘கஃபா’. ஒருவரின் பின்னால், அடிச்சுவடு பற்றித் தொடர்ந்து போவது என்பதே அதன் முதற்பொருள். விரிவுரையாளர்கள் அதைப் பொய்ச்சாட்சி, அவதூறு, ஆதாரமற்ற பேச்சு என்றெல்லாம் விரித்தார்கள், அவை சரியே. இந்த வழக்கில் சொல்லின் மூலப்பொருளே அப்படியே நடந்திருக்கிறது. அந்தச் சிறுவனைப் பற்றிச் சிம்மர்மனுக்கு இருந்த அறிவு என்ன? மழை, தலைமறைப்பு, நடை, நிறம். இதற்கு மேல் ஒன்றுமில்லை. அவன் கையில் இருந்தது மிட்டாய் என்றோ, அவன் அங்கேயே ஒரு வீட்டின் விருந்தாளி என்றோ தெரியாது. தெரியாததன் பின்னே போனார்.

அவருடைய தரப்பையும் கேட்கத்தான் வேண்டும். அந்தக் குடியிருப்பில் அதற்கு முந்தைய மாதங்களில் திருட்டுகள் நடந்திருந்தன. ஒரு வீட்டில் திருடர்கள் புகுந்தபோது ஓர் இளம் தாய் கைக்குழந்தையுடன் அறைக்குள் ஒளிந்திருக்க நேர்ந்தது. அச்சம் கற்பனையன்று, அண்டையாரைக் காக்க முன்வருவதும் இழிவன்று. ஆனால் இரண்டு திருடர்களின் நிறம் மூன்றாவது ஒரு பிள்ளைக்குச் சாட்சியமாகுமா? அமெரிக்காவில் இந்தப் பார்வைக்கு நீண்ட வரலாறு உண்டு. 1704இலேயே தென் கரோலினாவில் அடிமைகளைக் கண்காணிக்கச் சட்டப்படி ரோந்துப் படை அமைத்தார்கள். உரிமையாளரின் சீட்டில்லாமல் பாதையில் நடக்கும் எந்தக் கறுப்பரையும் நிறுத்தவும் அடிக்கவும் அவர்களுக்கு அதிகாரம் இருந்தது. அப்படி நிறுத்தப்பட்டவர்களில் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து கடத்திவரப்பட்ட நம் முஸ்லிம் முன்னோரும் இருந்திருப்பர். சான்ஃபோர்டின் பெயருமே இந்த வரலாற்றில் முன்பே இருக்கிறது. 1946இல் பேஸ்பால் வீரர் ஜாக்கி ராபின்சன் பயிற்சிக்கு அங்கு வந்தபோது, கறுப்பர் என்பதற்காக மிரட்டி வெளியேற்றினார்கள். மறு ஆண்டே அவர் அமெரிக்காவின் பெரும் பேஸ்பால் போட்டிகளில் நிறத்தடையை உடைத்தார்.

இரவுக்காவல் நம் வரலாற்றுக்கும் புதிதன்று. உமர் (ரலி) அவர்கள் கலீஃபாவாக இருந்தபோது மதீனாவின் தெருக்களில் இரவில் சுற்றிவந்தார்கள். ஓர் இரவு அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்களும் உடன் இருந்தார்கள். ஒரு வீட்டில் விளக்கு எரிந்தது. உள்ளே குரல்கள் உயர்ந்திருந்தன. அது ரபீஆ பின் உமைய்யாவின் வீடு, அவர்கள் இப்போது மது அருந்திக்கொண்டிருக்கிறார்கள், என்ன சொல்கிறீர் என்று உமர் (ரலி) கேட்டார்கள். அதற்கு அப்துர் ரஹ்மான் (ரலி), அல்லாஹ் தடுத்ததை நாம்தாம் செய்துவிட்டோம், துருவி ஆராயாதீர்கள் என்று அவன் சொல்லியிருக்க நாம் துருவிவிட்டோம் என்றார்கள். உமர் (ரலி) அப்படியே திரும்பிச் சென்றுவிட்டார்கள். அப்துர் ரஸ்ஸாக் அவர்களின் ‘முஸன்னஃப்’ நூலில் இது பதிவாகியிருக்கிறது.

இந்நிகழ்ச்சியை உமரின் பணிவுக்கு உதாரணமாகவே நாம் மேடைகளில் சொல்கிறோம். நான் இப்போது வேறொன்றைக் காண்கிறேன். அவருக்கு அதிகாரம் இருந்தது. சந்தேகத்துக்கும் காரணம் இருந்தது. சிம்மர்மனுக்கு இருந்ததைவிட வலுவான காரணம். எதிரே இருந்தவரோ அப்பாவி என்று சொல்வதற்கில்லை. ஆயினும் தோழர் ஒருவர் சொன்ன ஒற்றைச் சொல்லில் காலைத் திருப்பினார். சான்ஃபோர்டிலும் ஒருவர் அதையே சொன்னார்: அது தேவையில்லை. சிம்மர்மன் வாயால் சரி என்றார். அதன் பிறகு அவர் உண்மையில் திரும்பினாரா, தேடினாரா என்பதில்தான் இரு தரப்பும் முரண்பட்டன. அக்கம்பக்கக் காவல் குழுவைத் தொடங்கும்போதே, பார்த்துத் தகவல் சொல்வதோடு நிறுத்துங்கள், பின்தொடரவோ மறிக்கவோ வேண்டாம் என்று சொல்லியிருந்ததாகச் சான்ஃபோர்டு காவல்துறை அலுவலர் ஒருவர் விசாரணையில் சாட்சியளித்தார்.

அடுத்தது மெய்ப்பிக்கும் பொறுப்பு. தற்காப்பு என்று சொல்ல ஓரளவு ஆதாரம் இருந்தால் போதும். அது தற்காப்பு அல்ல என்பதை ஐயத்துக்கு இடமின்றி நிறுவுவது அரசின் கடமை என்பது புளோரிடாவின் முறை. சிம்மர்மன் சாட்சிக் கூண்டில் ஏறவே இல்லை. காவல்துறையிடம் முன்பு அளித்த வாக்குமூலங்களின் பதிவுகளே போடப்பட்டன. நம் மரபு இங்கே வேறு பக்கம் சாய்கிறது. முஅத்தாவில் ஒரு செய்தி வருகிறது. ஷாம் நாட்டில் ஒருவர் தம் மனைவியுடன் வேறொருவனைக் கண்டு கொன்றுவிட்டார். தீர்ப்புச் சொல்லத் தயங்கிய முஆவியா (ரலி), அபூமூஸா (ரலி) வழியாக அலீ (ரலி) அவர்களிடம் கேட்டனுப்பினார்கள். நான்கு சாட்சிகளைக் கொண்டுவராவிட்டால் அவரைக் கொல்லப்பட்டவனின் குடும்பத்தாரிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது அலீ (ரலி) அவர்களின் பதில். கொன்றவரின் வேதனையை அலீ (ரலி) அறியாதவரல்லர். இறந்தவன் எழுந்துவந்து தன் தரப்பைச் சொல்ல முடியாது. எனவே கொன்றவனின் சொல் மட்டும் போதுமென்றால் எந்தக் கொலையையும் நியாயமாக்கிவிடலாம்.

அதற்காக நம் ஃபிக்ஹு இந்த வழக்கை எளிதாகத் தீர்த்துவிடும் என்று சொல்ல மாட்டேன். ஐயம் இருக்குமிடத்தில் கிஸாஸ் விலகும் என்பதும் நம் விதியே. சிம்மர்மனின் தலைக்காயங்களும், இருவர் தரையில் புரண்டதைக் கண்ட அண்டைவீட்டாரின் சாட்சியும் ஐயத்தை எழுப்பத்தக்கவை. கொல்லப்பட்டவர் தீய நடத்தைக்குப் பேர்பெற்றவராயின் கொன்றவரின் வாதத்துக்குச் சற்று எடை தரலாம் என்று கருதிய சட்ட அறிஞர்களும் நம்மில் இருந்தார்கள். அது எவ்வளவு வழுக்கலான இடம் என்பதை இந்த வழக்கே காட்டியது. சிறுவன் பள்ளியிலிருந்து தற்காலிகமாக நீக்கப்பட்டிருந்தான், கஞ்சாத் துகள் அவன் பையில் இருந்தது என்றெல்லாம் செய்திகள் வெளியாகி, நாட்டில் பாதிப்பேர் இறந்தவனையே விசாரிக்கத் தொடங்கினார்கள். சுட்டவருக்கு அன்றிரவு இவை எதுவும் தெரியாது என்பதை யாரும் எண்ணவில்லை. இறந்தோரை ஏசாதீர்கள் என்ற நபிமொழி அடக்கத்தலத்துக்கு மட்டும் உரியதன்று.

ஆயினும், குற்றவாளி அல்லது குற்றவாளி அல்ல என்ற இரண்டே கதவுகளோடு நம் மரபு நின்றுவிடுவதில்லை. கைபரில் அப்துல்லாஹ் பின் ஸஹ்ல் (ரலி) கொல்லப்பட்டுக் கிடந்தார். உறவினர்கள் அங்கிருந்த யூதர்களைக் குற்றம் சாட்டினார்கள். 50 சத்தியம் செய்கிறீர்களா என்று நபி (ஸல்) கேட்டபோது, நாங்கள் கண்ணால் காணாததற்கு எப்படிச் சத்தியம் செய்வோம் என்றார்கள். அப்படியானால் யூதர்கள் 50 சத்தியம் செய்து விடுபடட்டும் என்றபோது, அவர்களின் சத்தியத்தை எப்படி ஏற்பது என்றார்கள். சந்தேகத்தின் பேரில் நபி (ஸல்) யாரையும் தண்டிக்கவில்லை. கொல்லப்பட்டவரின் குடும்பத்தை வெறுங்கையோடும் அனுப்பவில்லை. 100 ஒட்டகங்களைத் தாமே ஈட்டுத்தொகையாக வழங்கினார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ள செய்தி இது. ஓர் உயிர் போனபின் யாரும் எதுவும் பொறுப்பில்லை என்று கைகழுவுவதை அந்தச் சமூகம் ஏற்கவில்லை.

புளோரிடாவிலும் இதன் சாயல் ஒன்று நடந்தது. தீர்ப்புக்குச் சில மாதங்களுக்கு முன், அந்தக் குடியிருப்பின் வீட்டுரிமையாளர் சங்கம் ட்ரேவானின் பெற்றோருடன் உரிமையியல் உடன்பாடு செய்துகொண்டு ஒரு தொகை வழங்கியது, தொகை வெளியிடப்படவில்லை. ஃபிக்ஹு படித்தவருக்கு இங்கே ‘ஆகிலா’ நினைவுக்கு வரும். தவறிச் செய்த கொலைக்கான தியத்தை அவன் சார்ந்த கூட்டமே சேர்ந்து சுமக்க வேண்டும் என்ற விதி அது. ஒருவனைக் காவலுக்கு நிறுத்திப் பயன்பெற்றவர்கள், அவன் செய்ததன் சுமையிலும் பங்குகொள்வது முறைதானே.

நம் மஹல்லாக்களிலும் திருட்டு பெருகினால் இளைஞர்கள் இரவுக்காவல் சுற்றுகிறார்கள். நல்ல காரியம். போர்வை விற்க வந்த வடமாநிலத்தவரை இருட்டில் மறித்து, பெயர் கேட்டு, பையை உதறிப் பார்த்ததைப் பெருமையாகச் சொல்லவும் கேட்டிருக்கிறேன். பயண இடங்களில் நம் தாடியையும் தொப்பியையும் பார்த்து நம்மை ஓரமாக நிற்கவைப்பது பற்றி நாம் மனம் நொந்து பேசுவோம். இரண்டும் ஒரே பார்வை என்பது பேசும்போது தோன்றுவதில்லை.

மாணவருக்கு நான் சொன்ன பதில் இது. முதல் நிமிடங்களில் ஸாயில் யார் என்பதில் எனக்கு ஐயமில்லை. சுட்டவர் தம் வாயாலேயே, அவன் ஓடுகிறான் என்று சொன்னார். ஓடுவது வாஜிப் என்று மின்ஹாஜ் சொல்லும் இடத்தில் ஓடியது அந்தச் சிறுவன், தொடர்ந்தது மற்றவர். இறுதி நிமிடத்தில் ஸாயில் யார் என்பதை அல்லாஹ் அறிவான். இருவரில் ஒருவர் பேச இயலாதவராகிவிட்டார். தீர்ப்பளித்த ஆறு பெண்களையும் நான் குறைகூறவில்லை. ஆனால் சட்டம் விடுவித்த ஒருவரைப் பழி விட்டுவிடுமா என்பது வேறு கேள்வி. முதல் நிமிடத்தின் பழி அவருடையதே.

அவர் விடவில்லை. “ஓடியவன் வீட்டுக்குள் போயிருக்கலாமே, ஹஜ்ரத்? 70 கஜம்தானே?” என்றார். எதிர்த்தரப்பு வழக்கறிஞரும் இதைத்தான் கேட்டார். சிறுவன் ஓடியதற்கும் மோதலுக்கும் இடையே கழிந்த நேரத்தைக் காட்ட, தம் நிறைவுரையில் நடுவர்கள் முன் நான்கு நிமிடம் பேசாமல் இருந்தார். அவ்வளவு நேரத்தில் அவன் வீடு சேர்ந்திருக்கலாம் என்பது வாதம். துரத்துபவன் பார்த்துக்கொண்டிருக்க, தன் வீட்டு வாசல் எது என்று காட்டிவிடக் கூடாதென அவன் அஞ்சியிருக்கலாம். தப்பிவிட்டதாக எண்ணித் தோழியுடன் பேசி நின்றிருக்கலாம். 17 வயதுப் பிள்ளை மழையில் என்ன நினைத்தான் என்று யாரால் சொல்ல முடியும்? இறைவசனம் அங்கேயும் நம்மைத் தடுக்கிறது: அறிவில்லாததன் பின்னே போகாதே.

2015இல் அமெரிக்க நீதித்துறை, கூட்டாட்சிச் சட்டப்படி வழக்குத் தொடரப் போதிய சான்றில்லை என்று கோப்பை மூடியது. 2016இல் சிம்மர்மன் அந்தத் துப்பாக்கியை இணையத்தில் ஏலம் விட்டார். ட்ரேவானுக்கு விமானங்கள் மீது ஆர்வம் இருந்தது. 2017 மே மாதம் புளோரிடா மெமோரியல் பல்கலைக்கழகம், விமான அறிவியலில் இளநிலைப் பட்டத்தை அவன் பெயரில் வழங்கியது. பட்டமளிப்பு மேடையில் தாயும் தந்தையும் அதைப் பெற்றுக்கொண்டார்கள்.